ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் மீது சுமத்தப்பட்ட பழி

பழைய சொகுசு கார் வாங்கப் போகிறவருக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை இது: "எந்த வண்டி வேண்டுமானாலும் வாங்குங்கள், ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் மட்டும் வேண்டாம். ஒரு தடவை படுத்துவிட்டால் வண்டி வாங்கிய விலையை ஒர்க்‌ஷாப்பில் கட்ட வேண்டிவரும்." இந்தப் பேச்சைக் கேட்டு நல்ல வண்டிகள் உடைப்புக் கடைக்குப் போகின்றன. அதைவிட மோசம், ஏற்கெனவே அப்படியொரு வண்டி வைத்திருப்பவர் செய்ய வேண்டிய சின்ன வேலையையும் பயந்து தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்டதாலேயே பெரிய பில் வருகிறது. வந்ததும் "அப்போதே சொன்னேன்" என்கிறார்கள். பெரும்பாலான பெரிய பில்களுக்குக் காரணம் அந்த அமைப்பல்ல, அதைக் கவனிக்காமல் விட்டதுதான் என்பதே என் வாதம்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. பில்லைக் காட்டி அழுகிறவர்களில் பலர் வைத்திருப்பது ஏர் சஸ்பென்ஷன். 1998-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் 'ஏர்மேட்டிக்' என்ற பெயரில் இருந்தது அதுதான். ரப்பர் பைக்குள் காற்று, அதை நிரப்ப ஒரு கம்ப்ரசர். வயதானால் ரப்பர் வெடிக்கும், காற்று கசியும், கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி கம்ப்ரசர் எரியும். செலவு உண்மைதான், ஆனால் அதில் காரைத் தாங்குவது காற்று, எண்ணெய் அல்ல. அந்தச் செலவை ஹைட்ராலிக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இன்னொரு பக்கம், திருவள்ளூர் ஆலையில் ஒன்றுசேர்க்கப்பட்டு 2021-இல் விற்பனைக்கு வந்த சிட்ரோன் சி5 ஏர்கிராஸ். அதன் விளம்பரத்தில் 'ஹைட்ராலிக் குஷன்' என்று இருந்ததும், "அந்தக் காலத்து எண்ணெய் சஸ்பென்ஷன்தானே, மாட்டிக்கொள்ளாதீர்கள்" என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. அதில் இருப்பது சாதாரண ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் அப்சார்பர் தன் எல்லையில் போய் இடிக்காமல் தடுக்க, உள்ளேயே எண்ணெயால் வேலை செய்யும் தடுப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். உயர் அழுத்த பம்ப் கிடையாது, மாற்ற வேண்டிய எண்ணெய்த் தொட்டி கிடையாது.

உண்மையான ஹைட்ராலிக் சஸ்பென்ஷனின் தாய்வீடு பிரான்ஸ். சிட்ரோன் நிறுவனத்தில் போல் மாஜெஸ் உருவாக்கிய அமைப்பு 1954-இல் ஒரு காரின் பின்சக்கரங்களில் மட்டும் வந்தது. மறு ஆண்டு டிஎஸ் காரின் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. சக்கரம் மேலேறும்போது ஒரு பிஸ்டன் எண்ணெயை எஃகு உருண்டை ஒன்றுக்குள் தள்ளுகிறது. அந்த உருண்டைக்கு நடுவே ரப்பர் திரை. திரைக்கு அப்பால் நைட்ரஜன் வாயு. அமுங்கி விரியும் அந்த வாயுதான் ஸ்பிரிங். உருண்டையின் கழுத்தில் இருக்கும் சிறு வால்வுதான் ஷாக் அப்சார்பர். பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் உயரத் திருத்தி என்ற பாகம் கொஞ்சம் எண்ணெயைக் கூட்டி வண்டியைப் பழைய மட்டத்துக்கே தூக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பம்ப். 1975-இல் வந்த மெர்சிடிஸ் 450 எஸ்இஎல் 6.9 காரும் எண்ணெயும் வாயுவும் சேர்ந்த இதே வழியில்தான் போனது.

இந்த அமைப்பில் கண்டிப்பாகத் தேய்வது எது? அந்த நைட்ரஜன். ரப்பர் திரை வழியே ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்துபோகும். வாயு குறையக் குறைய வண்டி முரட்டுத்தனமாகக் குதிக்கும். மருந்து, உருண்டையை மாற்றுவது. அழுத்தத்தை வெளியேற்றும் திருகைத் தளர்த்திவிட்டு, ஆயில் ஃபில்டரைக் கழற்றுவதுபோல் உருண்டையைத் திருகிக் கழற்றி, புது சீல் வைத்துப் புதியதைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி தேவையில்லை. ஸ்ட்ரட்டைப் பிரிக்க வேண்டாம். புழக்கத்தில் அதிகம் இருந்த சிட்ரோன் மாடல்களுக்கான உருண்டை ஐரோப்பாவில் இன்றும் பெரும்பாலும் ஒரு நல்ல ஷாக் அப்சார்பர் விலையைத் தாண்டுவதில்லை. சாதாரணக் காரிலும் ஷாக் அப்சார்பர் தேயத்தான் செய்கிறது, மாற்றத்தான் செய்கிறோம். அதை யாரும் பேரழிவு என்று சொல்வதில்லை.

மாற்றாமல் விட்டால் என்ன நடக்கிறது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. சக்கரத்து உருண்டையில் வாயு தீர்ந்தால் அங்கே ஸ்பிரிங்கே இல்லை என்று அர்த்தம். எண்ணெய் அமுங்காத பொருள். பள்ளத்தின் அடி முழுவதும் பிஸ்டனுக்கும் குழாய்க்கும் பாடிக்கும் நேராகப் போய்ச் சேரும். பிஸ்டன் சீல் கசியும், குழாய் மூட்டு தளரும். பம்ப்புக்கு அருகே அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் இன்னோர் உருண்டை உண்டு. அதில் வாயு தீர்ந்தால் சேமிப்பு இல்லை. பம்ப் சில நொடிக்கு ஒருமுறை அழுத்தம் ஏற்றியாக வேண்டும். ஓய்வில்லாமல் உழைத்து பம்ப் தேயும். கடைசியில் பில்லில் "பம்ப் மாற்றம்" என்று வருகிறது. போனது பம்ப், ஆனால் அதைக் கொன்றது மாற்றாமல் விட்ட ஓர் உருண்டை. பில்லில் அந்த வரி இருக்காது என்பதால் பழி அமைப்பின் மேல் விழுகிறது. புது பம்ப்பை மாட்டிவிட்டு அதே உருண்டையை அப்படியே விட்டால், சில காலத்தில் அந்த பம்ப்பும் போகும். "இரண்டு பம்ப் மாற்றியும் சரியாகவில்லை" என்ற புலம்பல் பிறப்பது இப்படித்தான்.

பெரிய பில்லுக்கு இரண்டாவது காரணம் தப்பான எண்ணெய். தொடக்க கால டிஎஸ்-இல் ஊற்றியது சிவப்பு எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; குழாய்களும் வால்வுகளும் உள்ளேயே துருப்பிடிக்கும். டிஎஸ் ஓயாமல் படுத்தும் வண்டி என்ற பெயர் அந்த ஆண்டுகளில் நியாயமாகவே வந்தது. 1966 இலையுதிர் காலத்தில் எல்எச்எம் என்ற பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாறியதும் அந்தக் குறை தீர்ந்தது. குறை தீர்ந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆகின்றன. கெட்ட பெயர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒன்றை மாற்றி ஒன்றை ஊற்றினால் நாசம் என்பது இன்றும் உண்மை. இதற்கு நல்ல சாட்சி ரோல்ஸ் ராய்ஸ். 1965-இல் வந்த சில்வர் ஷேடோவில் சிட்ரோனிடம் உரிமம் வாங்கி, வண்டி மட்டத்தைக் காக்கும் அமைப்பை வைத்தார்கள். பிரேக்கும் உயர் அழுத்த ஹைட்ராலிக்தான். ஊற்ற வேண்டியது பிரேக் ஃப்ளூயிட். 1980-இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டில் மினரல் எண்ணெய்க்கு மாறினார்கள். பார்த்தால் அண்ணன் தம்பி போன்ற வண்டிகள். விவரம் தெரியாமல் பின்னதில் பிரேக் ஃப்ளூயிடை ஊற்றினால் சீல்கள் கெட்டு, அமைப்பு முழுவதையும் பிரித்துப் போட வேண்டியதாகும். அந்தச் செலவு யாரையும் கலங்க வைக்கும். ஆனால் அதற்குக் காரணம் ஒரு நிமிடக் கவனக்குறைவு. நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து: சிட்ரோனின் எல்எச்எம் பச்சை, மெர்சிடிஸில் ஊற்றும் சிஎச்எஃப் 11எஸ் எண்ணெயும் பச்சை, இரண்டும் வேறு வேறு. 2001 முதல் வந்த சிட்ரோன் சி5-க்கு (இது ஏர்கிராஸ் அல்ல) எல்டிஎஸ் என்ற ஆரஞ்சு நிற எண்ணெய். தொட்டி மூடியில் எழுதியிருப்பதைப் படித்து ஊற்றுவதற்கு எந்தச் செலவும் இல்லை.

அடுத்த குற்றச்சாட்டு, "சொல்லாமல் கொள்ளாமல் போகும், போனால் பிரேக்கும் சேர்ந்து போகும்" என்பது. பழைய சிட்ரோன்களில் பிரேக்கும் அதே பம்ப்பின் அழுத்தத்தில் இயங்கியது உண்மை. அதனால்தான் பாதுகாப்பு வால்வு ஒன்றை வைத்தார்கள். அழுத்தம் குறைந்தால் அது சஸ்பென்ஷனைத் துண்டித்துவிட்டு, இருப்பதை முன் பிரேக்குக்கு ஒதுக்கும். சிவப்பு விளக்கு எரியும். சேமிப்பு உருண்டையில் சில தடவை பிரேக் பிடிக்கும் அளவு மிச்சம் இருக்கும். 2001-இல் வந்த சி5-இல் பிரேக்கைத் தனியாகவே பிரித்துவிட்டார்கள். இரவில் நிறுத்திய பழைய சிட்ரோன் காலையில் தரையோடு படுத்திருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அந்த மாடல்களில் அது இயல்பு. என்ஜினை ஸ்டார்ட் செய்தால் எழுந்து நிற்கும்.

"பழுது பார்க்க ஆளில்லை" என்பதில் பாதி உண்மை. பிரான்ஸில் இது பணக்காரர்களின் தனிச் சொத்தாக இருந்ததில்லை. சிட்ரோனின் ஜிஎஸ், பிஎக்ஸ் என்ற நடுத்தரக் குடும்பக் கார்கள் இதே சஸ்பென்ஷனுடன் 40 லட்சத்துக்கும் மேல் விற்றன. தெருமுனை மெக்கானிக்குகள்தான் அவற்றைப் பழுது பார்த்தார்கள். நம் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் அறிவு இல்லை என்று சொல்ல முடியாது. ஜேசிபியின் ஹைட்ராலிக் அழுத்தம் எந்தக் காரின் அழுத்தத்துக்கும் குறைந்ததல்ல. அம்பத்தூரிலும் கோவையிலும் உயர் அழுத்த ஹோஸ் செய்து தருகிறார்கள். ஆலை இயந்திரங்களின் அக்குமுலேட்டரில் நைட்ரஜன் நிரப்புவது அங்கே தினசரி வேலை. குறைவது கார் மெக்கானிக்குக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு பேச்சு. எண்ணெய்க்கு ஏற்ற ரப்பரும் அழுத்தத்துக்கு ஏற்ற ஹோஸும்தானா என்று கேட்டு வாங்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எதிர்த் தரப்பு ஓரிடத்தில் சொல்வது சரி. 1999-இல் மெர்சிடிஸ் சிஎல் காரில் தொடங்கிய ஏபிசி அமைப்பு உண்மையிலேயே விலை கூடியது. ஸ்டீல் ஸ்பிரிங்குக்கு மேல் ஹைட்ராலிக் சிலிண்டர், 200 பார் அளவு அழுத்தம், வளைவில் வண்டி சாயாமல் கணம்தோறும் திருத்தும் வால்வுகள். ஒரு ஸ்ட்ரட்டின் விலையே திகைக்க வைக்கும். சர்வீஸ் விவரம் இல்லாத ஏபிசி வண்டியை வாங்காதீர்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் அங்கும் சங்கிலி அதேதான்: அக்குமுலேட்டரில் வாயு தீரும், அழுத்தத் துடிப்பு ஹோஸை உடைக்கும், எண்ணெய் வடிந்த பிறகும் வண்டியை ஓட்டினால் பம்ப் வறண்டு சாகும். லீக் தெரிந்த இடத்திலேயே நிறுத்தி டோ செய்தவருக்கு ஒரு ஹோஸ் செலவு. "வீடு வரைக்கும்தானே" என்று ஓட்டியவருக்கு ஹோஸோடு பம்ப்பும் சேர்ந்து போயிற்று.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அடுத்த யோசனை: எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு சாதா ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்பது. ஏபிசி வண்டிகளில் வழக்கமான ஆன்டி ரோல் பார் கிடையாது. சாய்வைத் தடுக்கும் வேலையை அந்த சிலிண்டர்களே செய்தன. அவற்றை எடுத்துவிட்டு ஸ்பிரிங் மட்டும் போட்ட இரண்டு டன் கார் வேகமான வளைவில் எப்படிச் சாயும் என்று யோசித்துப் பாருங்கள். ஜிஎஸ், சிஎக்ஸ், பிஎக்ஸ் போன்ற சிட்ரோன்களில் பின் பிரேக்குக்கு அழுத்தம் வருவதே பின் சஸ்பென்ஷனிலிருந்துதான். பாரம் ஏறினால் அங்கே அழுத்தம் ஏறும், பிரேக்கும் அதற்கேற்ப அழுத்திப் பிடிக்கும். பின்னால் ஸ்பிரிங் போட்டால் பிரேக்கின் கணக்கே கலைந்துவிடும். டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை அணைக்க ஒரு பெட்டியை மாட்டி "சரியாகிவிட்டது" என்பவரிடம் குடும்பத்தை ஏற்றிப் போகும் வண்டியைக் கொடுக்கக் கூடாது.

"செலவு தாங்காமல் கம்பெனியே கைவிட்டதே" என்று கடைசியாக ஒரு அஸ்திரம் எடுப்பார்கள். 2017-இல் சி5-ஓடு சிட்ரோன் இதை நிறுத்தியது உண்மை. ஆனால் பெரிய பிரெஞ்சு சலூன்களை வாங்க ஆள் குறைந்துபோனதை மறக்கக் கூடாது. அவற்றில் ஒன்றான சிட்ரோன் சி6 மொத்தம் சுமார் 23,000-தான் விற்றது. ஒரு குழுமத்தின் எல்லா வண்டிகளும் ஒரே அடித்தளத்தைப் பகிரும் காலத்தில், இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்குத் தனி அமைப்பைத் தயாரிப்பது கட்டுப்படியாகாது என்றே நினைக்கிறேன். அது தயாரிப்பவரின் கணக்கு, பழுது பார்ப்பவரின் கணக்கல்ல. 1970-இல் வந்த சிட்ரோன் எஸ்எம் காரின் தோல்வியையும் இதன் மேல் போடுவார்கள். அதில் பெரிதும் தொல்லை தந்தது மசராட்டி என்ஜினின் டைமிங் செயின். இன்னொரு பக்கம் டொயோட்டா, 1998-இன் லேண்ட் க்ரூசர் 100-லும் அதன் உறவான லெக்சஸ் எல்எக்ஸிலும் நைட்ரஜன் உருண்டைகளோடு உயரத்தை மாற்றும் ஹைட்ராலிக் அமைப்பை வைத்தது. நம்பகத்தன்மைக்குப் பெயர்போன அந்தக் கம்பெனி எல்எக்ஸ் வரிசையில் அதை இன்னும் விடவில்லை.

ஆகவே வாங்கப் போகிறவர் பயப்படுவதற்குப் பதிலாகச் சோதித்துப் பார்க்கலாம். என்ஜினை ஓடவிட்டு நான்கு மூலைகளையும் கையால் அமுக்குங்கள். மெத்தென்று இறங்கி மெல்ல எழுந்தால் வாயு இருக்கிறது. கல்லாக நின்றால் உருண்டை தீர்ந்துவிட்டது. பழைய சிட்ரோன் என்றால் பானெட்டைத் திறந்து, பம்ப் அழுத்தம் ஏற்றி விடும் 'டிக்' ஒலியைக் கேளுங்கள். சில நொடிக்கு ஒருமுறை வந்தால் சேமிப்பு உருண்டை காலி. எண்ணெய் கறுத்திருக்கிறதா, என்ன எண்ணெய், உருண்டைகள் கடைசியாக மாறியது எந்த ஆண்டு என்று கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால் எல்லா உருண்டைகளின் விலையையும், முழு எண்ணெய் மாற்றத்தின் விலையையும் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாக அவற்றை மாற்றிவிடுங்கள்.