கோட்டை கட்டியவர்களும் குடியிருந்தவர்களும்



சென்ற மாதம் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி என்னிடம், "மௌலவி, யாழ்ப்பாண டவுனை உண்டாக்கினது வெள்ளைக்காரர்தானே?" என்று கேட்டாள். அவளுடைய உம்மும்மா யாழ்ப்பாணம் சோனகர் தெருவில் பிறந்தவர். பேத்தி பிறந்ததோ புத்தளத்தில். அந்தக் கேள்வியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

அவள் சொன்னதில் பாதி சரி. யாழ்ப்பாண அரசர்களின் தலைநகர் நல்லூர். 1619 இல் பறங்கியர் அதைப் பிடித்தார்கள். சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621 இல் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துவிட்டு, தலைநகரைக் கடலோரத்துக்கு மாற்றினான். முற்றுகை வந்தால் கப்பலில் ஆளும் உணவும் வர வேண்டுமல்லவா? இன்றைய நகரம் பிறந்தது அந்தக் கணக்கில்தான். 1658 இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதைப் பறித்தார்கள். ஐந்து முனைக் கோட்டையைக் கட்டியவர்கள் அவர்களே. அதன் வெளி அரண்கள் முடிந்தது 1792 இல். 1795 இல் ஆங்கிலேயர் வந்து ஒரு சண்டையும் இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். அத்தனை கல்லும் சுண்ணாம்பும் மூன்றே வருடத்துக்கு!

இதே காலத்தில்தான் அமெரிக்காவிலும் வெள்ளையர் ஊர் அமைத்தார்கள். 1620 இல் 102 பேர் மேஃபிளவர் என்ற கப்பலில் போய்ப் பிளிமத் என்ற ஊரைத் தொடங்கினார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துபோனார்கள். மனைவி மக்களோடு போனவர்கள். பட்ட துன்பம் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் குடியேறியது வெறும் காடல்ல. பட்டுக்செட் என்ற பூர்வகுடிகளின் ஊர் அது. சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளை நோயில் ஊரே அழிந்து கிடந்தது. உழுத வயலில்தான் புதியவர்கள் விதைத்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த ஒல்லாந்தரோ பெரும்பாலும் தனி ஆண்கள், கம்பெனியின் சம்பளக்காரர்கள். ஒல்லாந்தப் பெண்கள் மிகச் சிலரே வந்தார்கள். ஆகவே இந்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களை, பறங்கி வழி வந்தவர்களை, மணந்தார்கள். தகப்பன் பேசுவது ஒல்லாந்தம், தாய் பேசுவது போர்த்துக்கேயம். பிள்ளை யாருடைய மொழியைப் பேசியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஒல்லாந்தர் ஆட்சியில் அந்த வீடுகளில் புழங்கியது பெரும்பாலும் தாயின் மொழிதான்.

நம் வீட்டையே பாருங்கள். பாண், மேசை, அலுமாரி, வாங்கு, சப்பாத்து எல்லாம் பறங்கியர் விட்டுப்போனவை. போஞ்சி, லாச்சி, கந்தோர், கக்கூஸ் ஆகியவை ஒல்லாந்தருடையவை. தீவுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களோ நிலைக்கவில்லை. காரைதீவு ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க். அமெரிக்காவில் ஒல்லாந்தர் அமைத்த புதிய ஆம்ஸ்டர்டாம் 1664 இல் நியூயோர்க் ஆனதுபோல, இவையும் போய்விட்டன. நெடுந்தீவுக்கு மட்டும் டெல்ஃப்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சரி, அப்போது நம்மவர்கள் எங்கே? உசனிலும் பிறகு நல்லூரிலும் இருந்து, கடைசியாக இன்றைய சோனகர் தெருப் பக்கம் வந்தோம் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பறங்கியர் 1626 இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் ஏறக்குறைய 4000 பேரைக் கிழக்கில் குடியமர்த்தினான். ஒல்லாந்தர் நம்மை அந்நியர் என்று கணக்கிட்டு ஊழியம் என்ற கட்டாய வேலையைச் சுமத்தினார்கள். நேற்றுக் கப்பலில் வந்திறங்கியவன், முன்னமே இருந்தவனை அந்நியன் என்கிறான்!

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குப் புதியவராகத்தான் போனார்கள். பள்ளிவாசலுக்கான நிலம் இரண்டு அநாதைப் பிள்ளைகளுடையது. இனாமாகத் தருகிறோம் என்றபோதும், விலை கொடுத்தே வாங்கினார்கள். இதை அந்த மாணவிக்கும் சொன்னேன்.

நம்மை அந்நியராக்கியது வெள்ளையர் மட்டுமல்லவே. 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். நம் பெண்களின் காதுத் தோடுகூடக் கழற்றப்பட்டது. வடமாகாணம் முழுவதிலும் அந்நாட்களில் வெளியேறியவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். வீட்டு உறுதியை எடுத்து வந்தவர்களும் உண்டு, அலுமாரியிலேயே விட்டு வந்தவர்களும் உண்டு. 2009 இல் யுத்தம் முடிந்தபின் திரும்பிப் போனவர்கள் கண்டது கூரையில்லாத சுவர்களை. போனபோது ஒரு குடும்பம், திரும்பியபோது பெண்பிள்ளைகள் கட்டிக்கொடுத்து நான்கு குடும்பம். உறுதியோ ஒன்று. கந்தோரில் கேட்பது அந்தக் கடதாசியைத்தான்.

கோட்டையை ஒல்லாந்து அரசின் பண உதவியோடு திருத்தினார்கள். நல்லதுதான், அதுவும் சரித்திரம். சோனகர் தெருவின் வீடுகளைப் பற்றி எந்தப் புத்தகத்தில் பார்ப்பது என்று அந்தப் பிள்ளை கேட்டாள். "உன் உம்மும்மாவிடம் கேள், கொப்பியில் எழுது" என்றேன்.

அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டினாள். உம்மும்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். அவருடைய உறுதி தொலைந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் நான்கு எல்லையையும் அப்படியே ஒப்புவித்திருக்கிறார். வடக்கே ஒழுங்கை, கிழக்கே மச்சாள் வளவு, தெற்கே பள்ளிக் காணி, மேற்கே பெரிய வாப்பாவின் வீடு. பரப்பு இரண்டு. கடைசி வரியைப் பிள்ளை அடிக்கோடிட்டிருந்தாள்: "கிணற்றில் பாதிப் பங்கு உண்டு, தண்ணீர் அள்ளப் போகிற வழியும் உண்டு."