குளோரினுக்கும் ஒரு டோல்கேட்!



நீச்சல் குளம் வைத்திருக்கும் பங்களாக்காரர்களுக்கு ஒரு தலைவலி உண்டாம். எவ்வளவு குளோரின் கொட்டினாலும் மறுநாள் காலையில் காணாமல் போய்விடுமாம். "அது பணக்காரங்க பிரச்சனை, நமக்கு இன்னா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டோல்கேட்டில் யார் வீட்டுப் பின்வாசலில் நீச்சல் குளம் இருக்கிறது? ஆனால் தரைக்குக் கீழே வீட்டுக்கு வீடு ஒரு குளம் இருக்கிறதே, சம்ப் என்ற பெயரில்! அதே தலைவலி எங்கள் வீட்டுக்கும் வந்தது.

எங்கள் சம்ப் ஆறு குடித்தனத்துக்குப் பொது. 6,000 லிட்டர் பிடிக்கும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது பாடப்புத்தகக் கணக்கு. முழு சம்புக்கு 15 கிராம் போதும். போன மழைக்காலம் முடிந்தபின் அந்த 15 கிராம், 30 ஆகி, 50 ஆகிவிட்டது. "டேய், பவுடர் டப்பா பத்து நாள் கூட வர மாட்டேங்குதுடா" என்று அம்மா புலம்பினார். வீட்டு ஓனரிடம் சொன்னோம். "வாசனைதான் நல்லா அடிக்குதே, அப்புறம் இன்னா? இன்னும் ரெண்டு ஸ்பூன் சேர்த்துப் போடுங்க" என்றார்.

அதே மாதம் பக்கத்துப் போர்ஷன் சின்னப் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை. அதற்கு எங்கள் சம்ப்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, நான் குடிக்கும் தண்ணீரை நான் ஒருமுறை கூடச் சோதித்துப் பார்த்ததில்லை!

நண்பர்களே, நம்ம ஊர் பெயரை வைத்தே விஷயத்தைச் சொல்லிவிடலாம். தண்ணீருக்குள் போகும் குளோரின் நேராகக் கிருமியிடம் போவதில்லை. வழியெல்லாம் டோல்கேட். இரும்பு ஒரு பங்கு வசூல் செய்யும். பாசியும் சேறும் ஒரு பங்கு. வெயில் பட்டால் அது ஒரு பங்கு. கழிவுநீரில் வரும் அம்மோனியாவோ பெரிய வசூல்காரன். ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜன், எட்டு முதல் பத்துப் பங்கு குளோரினை விழுங்கும். எல்லோருக்கும் கப்பம் கட்டிய பிறகு மிஞ்சுவதுதான் நம்மைக் காக்கும் குளோரின். அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம்.

வாசனை அடிக்கிறதே என்றால், அதுதான் ஏமாற்று வேலை! அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் ஆனபிறகுதான் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அதிகம் வரும். நெடி தூக்கலாக இருந்தால் குளோரின் ஜாஸ்தி என்று அர்த்தமில்லை; அழுக்கு ஜாஸ்தி என்றும் இருக்கலாம்.

வேதியியல் ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, லேபிலிருந்து ஆர்த்தோ டொலிடின் கரைசல் கொண்டுபோனேன். அதை ஊற்றிய பத்து நொடிக்குள் மஞ்சள் நிறம் வந்தால் அது தனித்த குளோரின். கால் மணி நேரம் கழித்து மெல்ல வரும் மஞ்சளில் குளோரமினும் சேர்ந்திருக்கும். (இந்தக் கரைசல் புற்றுநோய் அபாயம் உள்ளது, கையில் படக்கூடாது. இப்போது இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. மாத்திரைதான் நல்லது.)

முதல் சந்தேகம் பவுடர் மேல். புதிதாக இருக்கும்போது அதில் சுமார் 33 சதவீதம் குளோரின் உண்டு. டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றில் செத்துவிடும். புது டப்பா வாங்கினேன். அடுத்த சந்தேகம் போர் தண்ணீரின் இரும்பு மேல். அன்று போர் மோட்டாரைப் போடாமல், குழாய்த் தண்ணீர் மட்டும் அரை சம்ப் பிடித்தோம். 7.5 கிராம் பவுடர் கலந்தேன். அதே குழாய்த் தண்ணீரை ஒரு சுத்தமான வாளியில் பிடித்து, அதே விகிதத்தில் பவுடர் கலந்து மூடி வைத்தேன். இரவு ஒன்பதரைக்கு இரண்டிலும் சட்டென்று மஞ்சள் வந்தது.

விடியற்காலை ஐந்து மணி. வாளித் தண்ணீர் உடனே மஞ்சள் காட்டியது. சம்ப் தண்ணீர் காட்டவில்லை! ரொம்ப நேரம் கழித்து லேசாக ஒரு சாயல், அவ்வளவுதான். தண்ணீரும் பவுடரும் ஒன்றே. இரண்டுக்கும் மூடி இருந்தது, ராத்திரியில் வெயிலும் இல்லை. அப்படியானால் திருடன் சம்புக்குள்ளேதான் இருக்கிறான்.

இரண்டு டெஸ்ட் டியூப்களையும் ஓனர் கையில் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மதியமே சம்ப் இறைக்கப்பட்டது. செப்டிக் டேங்க் பக்கத்துச் சுவரில் ஒரு விரிசல். அதன் வழியே கறுப்பாக ஈரம் கசிந்துகொண்டிருந்தது. எட்டடி தூரத்தில் செப்டிக் டேங்க்! அதையும் காலி செய்து, இரண்டையும் பூசி முடிக்கும்வரை காய்ச்சிய கேன் தண்ணீர்தான் குடித்தோம். இப்போது பழைய 15 கிராமே போதுமானதாக இருக்கிறது.

(ஒரு எச்சரிக்கை: மூடிக் கிடந்த சம்பில் தனியாக இறங்காதீர்கள், விஷவாயு இருக்கலாம். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி உயிருக்கே ஆபத்து.)

இதிலிருந்து என் கருத்து இதுதான். பவுடர் செலவு ஏறினால் அது கடைக் கணக்கு அல்ல. தண்ணீர் நமக்கு எழுதும் புகார் மனு. அதற்கு "இன்னும் ரெண்டு ஸ்பூன்" என்பது பதில் ஆகாது. மழை நின்றதும் தெருவோரம் வெள்ளைக் கோடு இழுப்பதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். கண்ணுக்குத் திருப்தி, சம்புக்குள் வரும் கசிவு அப்படியே இருக்கும்.

அமெரிக்காவின் ஜெர்சி நகரம் 1908-லேயே குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்க ஆரம்பித்துவிட்டது. நமக்கும் 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2021-ல் டோல்கேட்டுக்கு மெட்ரோ ரயிலே வந்துவிட்டது. ஆனால் ஆலையிலிருந்து எவ்வளவு சுத்தமாகத் தண்ணீர் புறப்பட்டாலும், கடைசி எட்டடியில் அது கெட்டுப்போனால் என்ன பிரயோஜனம்? அந்த எட்டடியைக் காக்க எந்த இன்ஜினியரும் வரப்போவதில்லை. அது டிப்ளமோ படிக்கும் நம் வேலை.

எனவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாப் பந்தல் செலவில் கொஞ்சம் குறைத்து டி.பி.டி. பரிசோதனைப் பெட்டிகள் வாங்குவோம். மாதம் ஒரு சனிக்கிழமை, அவரவர் தெருவில் பத்து சம்ப்கள். ஒரு வாளி, ஒரு ராத்திரி, இரண்டு டெஸ்ட் டியூப் போதும்.

பக்கத்துப் போர்ஷன் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தினமும் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அண்ணா, இன்னிக்கு தண்ணி மஞ்சளா?" என்று கேட்கிறாள். "மஞ்சள்தான்மா, குடி" என்று சொல்லும்போது, நான் படித்த படிப்புக்கு ஒரு அர்த்தம் கிடைத்த மாதிரி இருக்கிறது.

– மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு