டிவி ஸ்டிக்கில் ஆப் தானாவே மூடிக்குதா? 'ரீசெட்' கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

இரவு 8 மணி. வேலையெல்லாம் முடிச்சு டிவி முன்னாடி உட்கார்றீங்க. ஆப்பைத் திறந்தா லோகோ வருது, ரெண்டு நொடி சுத்துது, அப்புறம் மறுபடியும் ஹோம் ஸ்கிரீன். திரும்பத் திறந்தாலும் அதே கதைதான்.

பெருநகரத்தில் இருப்பவர்கள் பக்கத்துத் தெரு சர்வீஸ் சென்டருக்குப் போய்விடலாம். நல்லம்பள்ளி மாதிரி ஊரில் இருப்பவர்கள் அதற்காக தருமபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கும். போனாலும், "இது பழைய மாடல், புதுசு வாங்கிக்கோங்க" என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். உண்மையிலேயே பெட்டி பழுதாகிவிட்டதா? பல நேரங்களில் இல்லை என்பதுதான் பதில்.

பெட்டி நல்லாத்தான் இருந்தது... ஆனா ஓடலை!

2025 மார்ச் 9-ம் தேதி, உலகம் முழுக்க பல வீடுகளில் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் திடீரென வேலை செய்ய மறுத்தது. 'நம்பகமற்ற சாதனம்' என்று ஸ்கிரீனில் எச்சரிக்கை. அது 2015-ல் வந்த கருவி என்பதால் பலரும் ஆயுள் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

உண்மைக் காரணம் வேறு. கருவி அசல்தானா என்று ஆப் சரிபார்க்க உள்ளே ஒரு டிஜிட்டல் சான்றிதழ் இருக்கும். அதன் 10 ஆண்டு காலக்கெடு அன்றைக்கு முடிந்துபோனது. ரேஷன் கார்டு செல்லாமல் போனால் ஆளே இல்லை என்று சொல்வது மாதிரிதான் இது. சில நாட்களில் கூகுள் அப்டேட் அனுப்ப, கருவிகள் மறுபடியும் ஓடின.

இதில் ஒரு பாடம் இருக்கு. "யாரும் ஃபேக்டரி ரீசெட் செய்யாதீங்க" என்று கூகுள் அப்போது அறிவுறுத்தியது. அவசரப்பட்டு ஏற்கெனவே ரீசெட் செய்தவர்களால் கருவியை மறுபடி செட்டப் செய்ய முடியவில்லை. அவர்கள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம்ம ஊரிலும் இப்படி நடந்திருக்கு. 2022 நவம்பரில் அரசு கேபிள் டிவி செட்டாப் பாக்ஸ்கள் மாநிலத்தின் பல இடங்களில் முடங்கின. வீட்டில் இருந்த பாக்ஸ் கெடவில்லை, பின்னால் இருந்த மென்பொருளில்தான் சிக்கல். ஆனால் திட்டு வாங்கியது என்னவோ தெருமுனை கேபிள்காரர்!

ஆப் ஏன் 'கிராஷ்' ஆகுது?

முதல் காரணம், இடப் பற்றாக்குறை. சாதாரண டிவி ஸ்டிக்குகளில் பலவற்றில் ரேம் 1 ஜி.பி., சேமிப்பு 8 ஜி.பி. மட்டுமே. அதிலும் ஒரு பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். ஆப்களோ ஒவ்வொரு அப்டேட்டிலும் பெருத்துக்கொண்டே போகின்றன. ரேம் நிரம்பினால், ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பையே இயங்குதளம் மூடிவிடும். நமக்கு அது 'கிராஷ்'.

இரண்டாவது, மின்சாரம். ஸ்டிக்கோடு வந்த அடாப்டரை விட்டுவிட்டு, டிவியின் யூ.எஸ்.பி. போர்ட்டிலேயே செருகி வைப்பது பல வீடுகளில் வழக்கம். பல ஸ்டிக்குகளுக்கு 1 ஆம்பியர் தேவை. பழைய யூ.எஸ்.பி. போர்ட்கள் தருவதோ அரை ஆம்பியர். மெனு ஓடும், வீடியோ ஆரம்பித்ததும் படுத்துவிடும்.

மூன்றாவது, சூடு. டிவிக்கும் சுவருக்கும் நடுவில் காற்றே போகாத இடத்தில் ஸ்டிக் மாட்டியிருந்தால், சித்திரை வெயிலில் என்ன ஆகும்? சொல்லவே வேண்டாம்.

நான்காவது, நம் கையில் இல்லாத தவறு. 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டு போன்களில் பல ஆப்கள் ஒரே நேரத்தில் கிராஷ் ஆனது நினைவிருக்கலாம். 'வெப்வியூ' என்ற பொதுவான பகுதியில் வந்த கோளாறுதான் காரணம். அதற்கான அப்டேட் வந்த பிறகே சரியானது.

என்ன செய்யலாம்? இந்த வரிசையில் பாருங்க

1. ஒரு ஆப் மட்டும் மூடுதா, எல்லாமே மூடுதா? ஒன்று மட்டும் என்றால் சிக்கல் அந்த ஆப்பில். எல்லாமே என்றால் கருவி, மின்சாரம் அல்லது இயங்குதளத்தில்.

2. அதே ஆப்பை மொபைலில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்க. அங்கேயும் ஓடலைன்னா கோளாறு நிறுவனத்தின் பக்கம் இருக்கலாம். காத்திருங்க.

3. ரிமோட்டில் ஆஃப் செய்தால் போதாது. அது தூக்கம் மட்டும்தான். பிளக்கையே பிடுங்கி, ஒரு நிமிஷம் கழித்து மாட்டுங்க.

4. கம்பெனி கொடுத்த அடாப்டரையே பயன்படுத்துங்க. ஸ்டிக் கொதித்தால், பெட்டியில் வரும் சிறிய ஹெச்.டி.எம்.ஐ. நீட்டிப்பு வயரை மாட்டி வெளியே தள்ளி வைங்க.

5. தேதி, நேரம் சரியா இருக்கான்னு பாருங்க. தப்பா இருந்தால் சான்றிதழ் சோதனையில் ஆப் தோற்றுவிடும்.

6. செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் தேர்ந்து 'கிளியர் கேஷ்' கொடுங்க. 'கிளியர் டேட்டா' வேறு: அது உங்களை லாக்-அவுட் செய்துவிடும். பாஸ்வேர்டு நினைவில் இருந்தால் மட்டும் தொடுங்க.

7. பார்க்காத ஆப்களை நீக்குங்க. பிறகு ஆப், இயங்குதளம் இரண்டையும் அப்டேட் செய்யுங்க. அப்பவும் சரியாகலைன்னா, ஆப்பை நீக்கி மறுபடி ஏற்றுங்க.

8. ஃபேக்டரி ரீசெட் கடைசி ஆயுதம். அதற்கு முன், அதே கோளாறு மற்றவர்களுக்கும் வந்திருக்கான்னு ஒரு தடவை செய்திகளில் பாருங்க.

சப்போர்ட் நின்னுபோச்சுன்னா?

எல்லாம் செய்தும் ஓடாத நிலை ஒன்று உண்டு. 2025 ஜூனில் முதல் தலைமுறை அமேசான் ஃபயர் டிவி கருவிகளில் நெட்ஃபிளிக்ஸ் தன் சேவையை நிறுத்தியது. கருவி உயிரோடு இருந்தாலும் அந்த ஆப் வராது.

அதற்காக, பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிக்குப் போகாதீங்க. அப்படிப்பட்ட பெட்டிகள் சிலவற்றில் தீங்கு செய்யும் மென்பொருள் வாங்கும்போதே இருப்பதாக, 'பேட்பாக்ஸ் 2.0' விவகாரத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது.

பொறுப்பு யாருக்கு?

பிரிஜ், மிக்ஸி வாங்கினால் தேயும் வரை ஓட்டுகிறோம். டிவி ஸ்டிக்கின் ஆயுளையோ எங்கோ இருக்கும் சர்வர்தான் முடிவு செய்கிறது. எத்தனை ஆண்டு அப்டேட் வரும் என்று வாங்கும்போதே தெரிந்தால்தான் விலை நியாயமா என்று எடைபோட முடியும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் கருவிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்வது சட்டப்படி கட்டாயம். இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது.

வாரண்டி காலத்திலேயே கருவி படுத்து, நிறுவனமும் கைவிரித்தால், பில்லை எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை ஸ்டிக் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க: "இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?" பதில் தெரியலைன்னா, அடுத்த மாடலைப் பாருங்க.