பற்கள் பிடுங்கப்பட்ட இரத்தக் காட்டேறிகள்

திகில் படம் ஒன்று சோபிக்காமற் போனால் நமது திரைப்பட இரசிகர்களிடம் ஆயத்தமாக ஒரு சமாதானம் இருக்கிறது. "சித்திரக்கதையிலிருந்து எடுத்த படந்தானே, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். 2022 ஆம் ஆண்டு வெளிவந்த 'மோர்பியஸ்' படத்தைப் பற்றி இந்த வாசகத்தைப் பலரது வாயிலிருந்தும் கேட்டேன். படித்தவர்கள், உலக சினிமா பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள். சித்திரக்கதை என்றால் சிறுபிள்ளைத்தனம், எனவே அதிலிருந்து பிறக்கும் படமும் சிறுபிள்ளைத்தனமாகவே இருக்கும் என்பது இவர்களது தருக்கம். இது தவறு என்பது மட்டுமல்ல, உண்மையைத் தலைகீழாகப் புரட்டுவதுமாகும். சித்திரக்கதையிலே இருந்த பயங்கரத்தைப் படத்திலே காணவில்லை என்பதே உண்மையான முறைப்பாடாக இருக்கவேண்டும்.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1950 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் வில்லியம் கெய்ன்ஸ் என்பவரின் ஈ.சீ. நிறுவனம் 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ற்' முதலான திகில் சித்திரக்கதைச் சஞ்சிகைகளை வெளியிடத் தொடங்கியது. இவற்றில் பிணங்கள் எழுந்து வந்தன. வெட்டுண்ட கைகள் நகர்ந்தன. ஆனால் அவை யாரைத் தேடி வந்தன என்பதைக் கவனியுங்கள். பங்காளியை ஏமாற்றிய வியாபாரியை, மனைவியைக் கொன்ற கணவனை, ஏழையை ஓட ஓட விரட்டிய பணக்காரனைத் தேடியே பெரும்பாலும் வந்தன. நீதிமன்றம் தீர்க்காத கணக்கை மயானம் தீர்த்துவைத்தது. நமது கிராமங்களில் பாட்டிமார் சொல்லும் முனிக்கதைகளுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

இச்சஞ்சிகைகளே சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று மனநல மருத்துவர் பிரெட்ரிக் வேர்த்தம் 1954 இல் ஒரு நூல் எழுதினார். அவரை வெறும் பிற்போக்காளர் என்று தள்ளிவிடவும் முடியாது. ஹார்லெமில் கறுப்பின மக்களுக்கென மனநலச் சிகிச்சை நிலையம் நடத்தியவர் அவர். எனினும், அந்த நூலுக்காகத் தமது நோயாளர்களின் வாக்குமூலங்களை அவர் மாற்றியும் திரித்தும் பயன்படுத்தியிருந்தார் என்பதை கரோல் டில்லி என்ற ஆய்வாளர் அவரது சொந்தக் கோப்புகளைக் கொண்டே 2012 இல் அம்பலப்படுத்தினார். அதற்கிடையில் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

1954 ஏப்ரலில் செனட் உபகுழுவின் முன் கெய்ன்ஸ் சாட்சியமளித்தார். கோடரியும் கையுமாக நிற்கும் ஒருவன், மறுகையில் பெண்ணொருத்தியின் தலை: இந்த அட்டைப்படம் நல்ல இரசனையா என்று செனட்டர் கெபோவர் கேட்டார். திகில் சஞ்சிகை ஒன்றின் அட்டைக்கு நல்ல இரசனைதான் என்று கெய்ன்ஸ் பதிலளித்தார். அந்தப் பதில் அவருக்குப் பாதகமாகவே முடிந்தது. அதே ஆண்டு வெளியீட்டாளர்கள் தாமாகவே ஒரு தணிக்கைச் சபையை அமைத்துக்கொண்டார்கள். இரத்தக் காட்டேறி, ஓநாய் மனிதன், நடைபிணம் எல்லாம் தடை. தலைப்பில் 'திகில்', 'பயங்கரம்' என்ற சொற்களுக்கும் தடை. கெய்ன்ஸின் திகில் சஞ்சிகைகள் மூடப்பட்டன.

தணிக்கையாளரின் மேசைக்குப் போய்த் திரும்பிய பக்கங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அடுத்து நடந்தது வியப்பளிக்காது. 1956 இல் கெய்ன்ஸ் 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற பழைய கதையொன்றை மறுபிரசுரம் செய்ய முனைந்தார். விண்வெளிவீரன் ஒருவன் இயந்திர மனிதர்கள் வாழும் கோளுக்குச் செல்கிறான். அங்கே செம்மஞ்சள் நிற இயந்திரங்கள் நீல நிற இயந்திரங்களை ஒதுக்கிவைத்திருக்கின்றன. இந்தக் கோளுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று தீர்ப்புச் சொல்லிப் புறப்படும் அவன், கடைசிச் சட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். அவன் கறுப்பினத்தவன். இதிலே பிணமில்லை, இரத்தமில்லை. ஆயினும் அந்த மனிதன் கறுப்பனாக இருக்கக்கூடாது என்றார் தணிக்கைச் சபையின் தலைவர். கெய்ன்ஸ் சண்டையிட்டு அதை அப்படியே வெளியிட்டார். பின்னர் சித்திரக்கதைத் தொழிலையே கைவிட்டு 'மேட்' நகைச்சுவைச் சஞ்சிகையோடு நின்றுகொண்டார். பிள்ளைகளைப் பயத்திலிருந்து காப்பதற்கென்று அமைத்த சபை எதற்குப் பயந்தது என்பது இதிலே தெரிந்துவிட்டது.

1971 இல் விதிகள் சற்றுத் தளர்ந்தன. டிராகுலாவுக்கு இலக்கியப் பாரம்பரியம் இருக்கிறதென்பதால் இரத்தக் காட்டேறிகளுக்கு அனுமதி கிடைத்தது. நடைபிணங்களுக்கு அந்தப் பாரம்பரியம் இல்லையாம். அவை 1989 வரை வாசலிலேயே காத்து நின்றன. சாதிச் சான்றிதழ் கேட்பது போன்ற இந்த வேடிக்கையை என்னென்பது!

இந்தத் தளர்வினாற் பிறந்தவர்கள் இருவர். 1971 இல் மோர்பியஸ். 1973 இல் காட்டேறிகளை வேட்டையாடும் கறுப்பின வீரன் பிளேட். இருவரும் திரைக்கு வந்த விதத்தை ஒப்பிட்டாலே போதும். 1998 இல் ஸ்டீபன் நொரிங்ரன் இயக்கிய 'பிளேட்' படத்தில் நடனக்கூடமொன்றின் கூரையிலிருந்து இரத்தம் மழையாகக் கொட்டுகிறது. அதுவரை கொண்டாட்டமென்று நம்பி நின்ற விருந்தாளியோடு சேர்ந்து நாமும் அகப்பட்டுக்கொள்கிறோம். பதினேழு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் பார்க்கமுடியாத 'ஆர்' தரச் சான்றிதழோடு வந்த படம் அது. 'மோர்பியஸ்' 1984 இல் உருவாக்கப்பட்ட 'பீ.ஜீ.-13' என்ற மிதமான பிரிவுக்குள் அடங்கவேண்டுமென்று தயாரிக்கப்பட்டது. எனவே கப்பல் நிறையக் கூலிப்படையினரைக் காட்டேறி கொன்று குவித்தும் இரத்தத்தைக் காண்பது அரிதாயிற்று. அவன் செயற்கை இரத்தம் அருந்துகிறான். படமும் அதையேதான் அருந்தியிருக்கிறது.

1954 இல் செனட்டுக்கு அஞ்சிச் செய்ததை இன்று நுழைவுச்சீட்டுக்கு அஞ்சிச் செய்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையனின் சீட்டை இழக்க மனமில்லாத தயாரிப்பாளரின் கையிலே இப்போது கத்தரிக்கோல் இருக்கிறது. பழைய சபைக்காவது எழுதிவைத்த விதிகள் இருந்தன. எதிர்த்துச் சண்டையிடக் கெய்ன்ஸுக்கு ஓர் ஆள் இருந்தார். இந்தக் கத்தரியோடு யார் சண்டையிடுவது?

இரத்தம் கொட்டினாற்றான் திகிலா என்று கேட்பீர்கள். இல்லை. சாம் ரெய்மி 2004 இல் எடுத்த 'ஸ்பைடர்மேன் 2' படத்தின் சத்திரசிகிச்சைக் கூடக் காட்சியை நினைவுகூருங்கள். மயக்கத்திற் கிடக்கும் விஞ்ஞானியின் இயந்திரக் கைகள் உயிர்பெற்று மருத்துவர்களை ஒவ்வொருவராக இழுத்துச் செல்கின்றன. பின்னணி இசையில்லை. தரையைப் பிறாண்டும் விரல்நகங்கள் மாத்திரம். ஒரு துளி இரத்தமின்றி, அதே பீ.ஜீ.-13 சான்றிதழுக்குள் இது சாத்தியமாயிற்று. அந்த மனிதர்கள் உண்மையாகவே சாகிறார்கள் என்று இயக்குநர் நம்பினார், அவ்வளவுதான். அப்படியானால் சான்றிதழைக் குறைகூறுவது எதற்கென்று மடக்கலாம். சான்றிதழுக்குள் நின்று பயமுறுத்தத் தெரிந்தவனுக்கு அது வேலியாக இருப்பதில்லை. பயமே வேண்டாமென்று முதலில் முடிவெடுத்துவிட்டுப் பிறகு கதைக்குக் காட்டேறியைத் தேடுபவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

பணம் வராது என்பதும் பொய். ஸ்டீபன் கிங்கின் நாவலிலிருந்து 2017 இல் வந்த 'இட்' ஆர் தரச் சான்றிதழோடு உலகெங்கும் 70 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது.

இங்கே நமக்கும் ஒரு சிறு தொடர்புண்டு. 1972 இல் சிவகாசி முத்து கொமிக்ஸின் முதலாவது இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'யைக் கடல் கடந்தும் படித்த தலைமுறை நாங்கள். பிரித்தானியாவின் 'வலியன்ற்' சஞ்சிகையில் 1962 இல் பிறந்த அந்த மாயாவி, தொடக்கத்தில் நல்லவனல்லன். உடல் மறைந்து கை மாத்திரம் தெரியும் சக்தி வாய்த்தவுடன் தலைகனத்துக் குற்றம் புரிந்தவன். நீதியின் பக்கம் வந்தது பின்னர்தான். அந்தரத்தில் தனியே மிதந்து வரும் கையைக் கண்டு நாம் நடுங்கியதற்கு, அந்தக் கை என்ன செய்யுமென்று தெரியாதிருந்ததே காரணம். சித்திரக்கதை சிறுபிள்ளைத்தனம் என்பவர்கள் அந்தக் கையை மறந்துவிட்டார்கள்.

அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1972 இல் பிரெடி பிரான்சிஸ் இங்கிலாந்தில் எடுத்த 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ற்' படத்தின் ஐந்தாவது கதையைத் தேடிப் பாருங்கள். முன்னாள் இராணுவ அதிகாரியொருவர் பார்வையற்றோர் இல்லத்தின் பொறுப்பாளராக வருகிறார். சிக்கனமென்ற பெயரில் உணவையும் கணப்பையும் குறைக்கிறார். தமது அறையில் மாத்திரம் நல்ல சாப்பாடும் ஓவியங்களும் ஒரு நாயும் வைத்திருக்கிறார். குளிரில் ஒருவர் இறந்துபோகிறார். பிறகு அந்தக் குருடர்கள் வாய் திறவாமல் வேலை செய்யத் தொடங்குகிறார்கள். அதிகாரியை அடைத்துவைத்துவிட்டு, மரப்பலகைகளால் ஒடுங்கிய நடைபாதை ஒன்றை அமைக்கிறார்கள். அதன் சுவர்களில் சவர அலகுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். நாயைப் பட்டினி போடுகிறார்கள். இறுதியில் அதிகாரி அந்தப் பாதைக்குள் நிற்கையில், விளக்கை அணைக்கிறார்கள்.

இதுவும் சித்திரக்கதையிலிருந்து எடுத்த படந்தான்.