விதை எண்ணைக் குறித்து வையுங்கள்



வினா வங்கியிலிருந்து கணினியே சில வினாக்களைப் பொறுக்கி எடுத்துத் தாள் அச்சுக்கோத்துத் தர வழி உண்டா என்று ஆசிரியர்கள் தொடர்ந்து எழுதுகிறீர்கள். அச்சுக்கோப்பு மென்பொருளான லேடெக்கில் அதற்கான மேக்ரோக்கள் (கட்டளைத் தொகுப்புகள்) இந்த இதழில் விரிவாக வருகின்றன.

லேடெக்குக்கு அடித்தளமான டெக் பிறந்த கதை இங்கே பொருத்தம். 1977-ல் கணினி அறிஞர் டொனால்டு க்னூத்துக்கு, நிரலாக்கம் பற்றிய தம் நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியுடைய இரண்டாம் பதிப்பின் மெய்ப்பு வந்தது. அந்த மெய்ப்பின் எழுத்தழகு அவருக்குப் பிடிக்கவில்லை. தாமே ஒரு அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அந்தத் தொகுதியின் முதல் அத்தியாயம் முழுக்கத் தற்போக்கு எண்களைப் பற்றியது. ஆனாலும் அவருடைய டெக்கில் தற்போக்கு எண் தரும் கட்டளை ஒன்றுகூட இல்லை! ஒரே மூலக்கோப்பு எந்தக் கணினியிலும் ஒரே பக்கத்தைத்தான் தர வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அந்தக் குறையை மேக்ரோ எழுதியவர்கள் கணக்குப் போட்டே தீர்த்தார்கள். தொடக்கமாகக் கொடுக்கும் ஒரு விதை எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியையே அடுத்த சுற்றுக்கு விதையாக வைத்துக்கொள்வது ஒரு முறை. விதை 1 என்றால் 16807, 282475249, 1622650073 என்று வரும். ஒவ்வொன்றையும் 5-ஆல் வகுத்த மீதியோடு 1 கூட்டுங்கள்: 3, 5, 4. ஐந்து வினாக்களில் எவை என்பது முடிவாகிவிட்டது. டெக் தாங்கும் மிகப்பெரிய முழு எண்ணும் அதே 2147483647 என்பதால் நேராகப் பெருக்க முடியாது. எண்ணைத் துண்டாக்கிப் பெருக்கும் நுட்பத்தை இதழில் அவசியம் படியுங்கள், அழகான வேலை.

இப்போது பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்க லேடெக்கிலேயே ஆயத்தக் கட்டளை இருக்கிறது. ஆனால் எடுத்ததைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். நீக்காமல் ஐந்தில் மூன்று முறை எடுத்தால், ஒரே வினா திரும்ப வருவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு. இன்னொன்று: டெக்கின் கடிகாரத்துக்கு நிமிடம்வரைதான் தெரியும். நேரத்தை மட்டும் விதையாகக் கொண்டால், ஒரே நிமிடத்தில் ஓட்டிய இரண்டு தாள்களும் ஒன்றாகவே இருக்கும்.

எனவே விதை எண்ணை நீங்களே கொடுங்கள். அதைத் தாளின் மூலையிலும் விடைக்குறிப்பிலும் அச்சிடுங்கள். மறுகூட்டல் கேட்டு ஒரு மாணவர் வரும்போது, அவர் எழுதிய அதே தாளை உங்களால் மீண்டும் எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்