அவமானத்திற்கும் இன்ஷ்யூரன்ஸா?

வீடு தீப்பற்றினால் இன்ஷ்யூரன்ஸ் உண்டு. கப்பல் முழுகினால் இன்ஷ்யூரன்ஸ் உண்டு. மனிதன் செத்தால் இன்ஷ்யூரன்ஸ் உண்டு. இவை நம்மவர்க்குத் தெரிந்த சங்கதி. ஆனால், கம்பெனி மானேஜர் தன்கீழ் வேலை செய்யும் பெண்ணிடம் முறைகேடாக நடந்தாலும், நிறத்திற்காகவோ வயதிற்காகவோ ஒருவனை வேலையை விட்டுத் துரத்தினாலும், அதனால் கம்பெனிக்கு வரும் கோர்ட்டுச் செலவையும் நஷ்டஈட்டையும் கொடுக்க இன்ஷ்யூரன்ஸ் உண்டு என்றால் வாசகர்களில் பலர் நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் இது இன்று பெரிய வியாபாரமாகவே நடந்து வருகின்றது.

இது எப்படி வந்தது? அந்நாட்டில் அநேகமாக எல்லா ராஜ்யங்களிலும் முதலாளி காரணம் சொல்லாமலே தொழிலாளியை நீக்கிவிடலாம். அவ்வளவு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, சில காரணங்களுக்காக மாத்திரம் நீக்கக் கூடாது என்று சட்டம் சொல்லுகின்றது. நிறம், மதம், ஆண் பெண் என்பது, பிறந்த நாடு ஆகியவற்றை 1964-ஆம் வருஷச் சட்டமும், 40 வயதிற்கு மேற்பட்டவர்களின் வயதை 1967-ஆம் வருஷச் சட்டமும், உடல் ஊனத்தை 1990-ஆம் வருஷச் சட்டமும் காரணமாகக் காட்டக் கூடாதென்றன. பெண்களிடம் முறைகேடாக நடப்பதும் இக்குற்றத்தில் சேர்ந்ததே என்று சுப்ரீம் கோர்ட்டு 1986-இல் தீர்ப்புச் சொல்லிற்று. ஆனாலும் 1991 வரையில் 1964-ஆம் வருஷச் சட்டப்படி ஜெயித்தவனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் போன வேலையும் நின்ற சம்பளமுந்தான். 1991-ஆம் வருஷச் சட்டந்தான் ஜூரி விசாரணையையும், மனவேதனைக்கு நஷ்டஈட்டையும், தண்டனைத் தொகையையும் கொடுத்தது. முதலாளிமார்களுக்கு வயிற்றைக் கலக்கிற்று. அதன் பிறகே இந்த இன்ஷ்யூரன்ஸ் வியாபாரம் கொழுத்தது.

"தொழிலாளிகள் பணத்தாசையால் வழக்குப் போடுகிறார்கள்" என்று முதலாளிகளின் வக்கீல்கள் கூச்சல் போடுகின்றனர். கணக்கைப் பார்ப்போம். அந்நாட்டுச் சம உத்தியோக வாய்ப்புக் கமிஷனுக்கு 2023-இல் வந்த பிராதுகள் 81,055; 2024-இல் 88,531. இவற்றில் சுமார் பாதியில் காணும் குறை என்ன? "அக்கிரமத்தைச் சொன்னேன், அதற்காகவே என்னைப் பழிவாங்கினார்கள்" என்பதாகும்! வாயைத் திறந்தவனின் வயிற்றில் அடிக்கும் வழக்கம் இவ்வளவு பலமாய் இருக்கும்போது, பேராசைக்காரன் யார் என்று கேட்கின்றோம். பிராதுகளில் பெரும்பகுதி போதிய ஆதாரமில்லை என்று முடிவது வாஸ்தவமே. ஆதாரக் காகிதமும் சாட்சியும் முதலாளியின் கைக்குள் இருக்கும்போது வேறு எப்படி முடியும்? ஜெயித்தாலும், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகூட 1991-ஆம் வருஷச் சட்டப்படி 3 லட்சம் டாலருக்கு மேல் மனவேதனைக்கும் தண்டனைக்குமாகக் கொடுக்க வேண்டியதில்லை. விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்த உச்சவரம்பு அன்றுமுதல் இன்றுவரை ஒரு காசும் ஏறவில்லை.

இனி இன்ஷ்யூரன்சின் யோக்கியதையைப் பார்ப்போம். அதில் நன்மையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பாலிசி கொடுக்குமுன், "உன் கம்பெனியில் ஒழுங்கு விதிகள் உண்டா? முறையிட வழி உண்டா? மானேஜர்களுக்குப் பயிற்சி உண்டா?" என்று இன்ஷ்யூரன்ஸ்காரன் கேட்கிறான். மனச்சாட்சிக்குப் பயப்படாதவன் பிரிமியத்திற்குப் பயந்தாவது விதிகளை எழுதி வைக்கிறான். அதுவரையில் நல்லதே. ஆனால் எழுதுவது வேறு, நடப்பது வேறு.

தீமை எங்கேயென்றால், ராஜி செய்வதில் இருக்கின்றது. வழக்கு நீண்டால் வக்கீல் செலவு ஏறுமாதலால், "பணம் கொடுத்து முடித்துவிடு" என்கிறான் இன்ஷ்யூரன்ஸ்காரன். முதலாளி மறுத்தால், அதற்கு மேல் ஆகும் செலவு உன்னுடையது என்று பல பாலிசிகளில் ஷரத்து உண்டு. ஆகவே குற்றவாளியும் பணத்தைத் தள்ளித் தப்புகிறான். குற்றமற்ற முதலாளியும் பணம் கொடுத்துக் கெட்ட பெயர் வாங்குகிறான். பணம் வாங்கிய தொழிலாளியோ வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போடுகிறாள். உண்மை வெளிவருவதே கிடையாது. பண்ணையாரின் காளை ஊரான் பயிரை மேய்ந்ததற்கு ஊர்ப்பொதுப் பணத்திலிருந்து அபராதம் கட்டினால், பண்ணையார் காளையைக் கட்டிப்போடுவாரா?

இது அமெரிக்காக்காரன் சங்கதி, நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை, ஜாதி காரணமாக எவரிடமும் வித்தியாசம் பாராட்டக் கூடாதென்று சட்டம் செய்தது. அந்த ஊருக்கு ஜாதியைக் கொண்டுபோய் இறக்கியது யார்? வெள்ளையரா? கறுப்பரா? நம் நாட்டிலிருந்து பெரிய படிப்புப் படித்துப் போனவர்களல்லவா? அதே வருஷம் கலிபோர்னியா சட்டசபையும் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்ற, இருக்கிற சட்டமே போதும் என்று கவர்னர் மறுத்துவிட்டார். நாம் இங்கு வளர்த்த விஷம் அங்கே கோர்ட்டுக்கும் சட்டசபைக்கும் போயிருக்கும்போது நமக்கென்ன என்று எப்படிச் சொல்வது?

ஆகவே நாம் சொல்வது இரண்டே. முதலாவது, வாய்ப்பூட்டு ஒழிய வேண்டும். பெண்களிடம் முறைகேடாய் நடந்து ரகசிய ராஜி செய்த தொகைக்கு வருமானவரிக் கழிவு கிடையாதென்று அமெரிக்கா 2017-இல் விதித்தது. அப்படிப்பட்ட வழக்குகளைத் தனி மத்தியஸ்தத்திற்கு இழுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று 2022-இல் விதித்தது. இவை நிற வழக்கிற்கும் ஜாதி வழக்கிற்கும் வயது வழக்கிற்கும் ஏன் கூடாது? இரண்டாவது, தண்டனைத் தொகையை இன்ஷ்யூரன்சில் தள்ளக் கூடாதென்று கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் உள்ள முறை எங்கும் வர வேண்டும். நஷ்டஈட்டை யார் கொடுத்தாலும் சரி. பாதிக்கப்பட்டவன் பட்டினி கிடக்கக் கூடாது. தண்டனை மாத்திரம் தப்புச் செய்தவன் மடியிலிருந்தே வர வேண்டும்.

மானத்திற்கு யாரும் விலை போட முடியாது. ஆனால் அவமானப்படுத்துகிறவனுக்கு விலை போட முடியும். அந்த விலையை அவனே கொடுக்கும்படி செய்வதுதான் சட்டத்தின் வேலை.