முதல் ஆர்டரை யார் கொடுப்பது?

வெள்ளீயச் சுரங்கத்துக்குப் பெரிய எதிரி தண்ணீர். ஆழம் போகப் போக ஊற்று பெருகும். இறைப்பதை நிறுத்தினால் குழி குளமாகிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் முதலில் நீர்ச்சக்கரமும் சங்கிலிப் பலகைகளும் தண்ணீரை மேலே ஏற்றின. பிறகு நீராவிப் பம்பு வந்தது. அதற்கு விறகு கொடுத்தே சுற்றுவட்டாரக் காடு கரைந்தது. 1894இல் ரவாங்கில் லோக் யூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் ஜெனரேட்டர் வைத்துப் பம்புகளை மின்சாரத்தில் ஓட்டினார்கள். மலாயாவில் மின்சாரத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்சாரம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

தம்புசாமிப் பிள்ளை என்றதும் நமக்குப் பத்துமலையும் மகாமாரியம்மன் கோயிலும்தான் நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் பிறந்து, வழக்கறிஞர் டேவிட்சனிடம் குமாஸ்தாவாக இருந்து, 1875இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்தபோது கூடவே வந்தவர் அவர். லோக் யூ குவாங்டோங்கிலிருந்து கப்பலேறி, சிங்கப்பூர்க் கடையொன்றில் வேலை பார்த்து முன்னுக்கு வந்தவர். 1894இல் இருவருமே வசதியானவர்கள். பழைய பம்பை வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கலாம். ஆனாலும், இந்த மண்ணில் யாரும் ஓட்டிப் பார்த்திராத ஒரு தொழில்நுட்பத்தைத் தங்கள் சொந்தப் பணத்தில், தங்கள் சொந்தக் குழியிலேயே இறக்கினார்கள். மலாயாவில் மின்சாரத்துக்குக் கிடைத்த முதல் வேலை, தண்ணீர் இறைப்பது.

இன்று புதிய தொழில்நுட்பத்தை வளர்க்க நம்மிடம் திட்டங்களுக்குக் குறைவில்லை. 1996இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம் வந்தது. 2014இல் சைபர்ஜெயாவில் தொழில்முனைவோருக்கான மேஜிக் மையம் தொடங்கியபோது அதிபர் ஒபாமாவே வந்திருந்தார். 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட கேஎல்20 திட்டம், 2030க்குள் கோலாலம்பூரை உலகின் முதல் 20 ஸ்டார்ட்அப் நகரங்களில் ஒன்றாக்கப் பார்க்கிறது. நிதி, கட்டடம், பயிற்சி எல்லாம் உண்டு. சின்ன கம்பெனிகளுக்குக் கிடைக்காதது வேலை. அதிலும் முதல் வேலை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையில் நாலு பேர் சேர்ந்து, துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரிகள் காத்துக்கிடக்கும் நேரத்தைக் குறைக்க ஒரு மென்பொருள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய நிறுவனம் கைகுலுக்கும், புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும், படம் எடுக்கும். அதன் பிறகு கொள்முதல் பிரிவு ஒரு பாரத்தை நீட்டும். மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு இருக்கிறதா? இதே வேலையை வேறு எந்தப் பெரிய நிறுவனத்துக்குச் செய்திருக்கிறீர்கள்? இல்லையென்றால் மூன்று மாதம் இலவசமாக ஓட்டிக் காட்டுங்கள். ஓட்டிக் காட்டி இன்வாய்ஸ் அனுப்பினால், பணம் வர 90 நாள். நாலு பேர் சம்பளம் 90 நாள் காத்திருக்காது.

பெரிய நிறுவனத்தின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஓடுகிற துறைமுகத்தைச் சோதனைக்காக நிறுத்த முடியாது. ஆனால் முன்பின் தெரியாதவரிடம் எப்படி வாங்குவது என்ற கேள்விக்கு இந்த நாடே ஒருமுறை விடை கண்டிருக்கிறது. அறுபதுகள் வரை ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். 1965இல் மலேசியத் தர ரப்பர் முறை வந்தது. சுங்கை பூலோ பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பின்னாளில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரான பி. சி. சேகருக்கு அதில் பெரும் பங்குண்டு. இந்த முறையில் ரப்பரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்பதையெல்லாம் ஆய்வுக்கூடம் அளந்து சொல்லும். சோதனையில் தேறினால் சிறுதோட்டக்காரரின் ரப்பரும் பெரிய எஸ்டேட் ரப்பரும் ஒரே தரம். டயர் கம்பெனி பார்க்க வேண்டியது சரக்கை மட்டுமே. விற்பவரின் பூர்வீகத்தை யாரும் கேட்கத் தேவையில்லை.

அந்த ஆராய்ச்சிக் கழகம் நடந்தது ரப்பர் ஏற்றுமதியில் வசூலான தீர்வையில். அதாவது நம் பாட்டன் பாட்டிகள் விடியற்காலையில் பால்மரம் வெட்டிய உழைப்பில். எண்பதுகளில் எய்ட்ஸ் அச்சத்தால் கையுறைத் தேவை பெருகியபோது சின்னச் சின்ன தொழிற்சாலைகள் இங்கே முளைத்ததற்கு, பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த ரப்பர் அறிவும் ஒரு காரணம். 1991இல் கிள்ளானில் ஒரே தொழிற்சாலையோடு தொடங்கிய டாப் குளோவ், உலகின் மிகப்பெரிய கையுறை உற்பத்தியாளராக வளர்ந்தது. 

ஆனால் இங்கே முளைத்ததெல்லாம் இங்கேயே தங்கவில்லை. 2012இல் கோலாலம்பூரில் மைடெக்சி என்ற டாக்சி செயலியாகத் தொடங்கிய கிராப், இரண்டே ஆண்டுகளில் சிங்கப்பூர் அரசின் தெமாசெக் சார்ந்த வெர்டெக்ஸிடம் முதலீடு பெற்றது. தலைமையகமும் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. அடுத்த நிறுவனமும் இப்படிப் போய்விடக் கூடாது.

ரப்பருக்கு வைத்ததைப் போன்ற ஒரு சோதனையைத் துறைமுகத்திலும் வைக்கலாம். கிள்ளான் துறைமுகம் 2024இல் 20 அடி கன்டெய்னர் கணக்கில் 1.4 கோடிக்கும் மேல் கையாண்டது. அவ்வளவு பெரிய இடத்தில் ஒரே ஒரு வாசலைப் புதியவர்களுக்கு ஒதுக்கலாம். லாரி எத்தனை நிமிடம் காத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே அளந்து, எத்தனை நிமிடம் குறைந்தால் தேர்ச்சி என்று எழுதி ஒட்டிவிடலாம். சோதனைக்கும் கூலி உண்டு, பணம் 30 நாளில் வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். தேறியவருக்கு அடுத்த வாசலையும் கொடுக்கலாம்.